வாசகர் கேள்வி–பதில்: ஐரோப்பாவின் எல்லைக் கதவும் தஞ்சம் கேட்பவரும்

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய புலம்பெயர்வு–தஞ்ச ஒப்பந்தம் பத்துச் சட்டங்கள் கொண்ட ஒரு தொகுப்பு. அதில் பெரும்பாலானவை 2026 ஜூன் 12 முதல் பொருந்தும். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். அனுப்பியவர்களின் பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டோம்.

கே: "நான் அகதி" என்று வாயால் சொல்லிவிட்டால் எந்த நாடும் உள்ளே விட்டே ஆக வேண்டுமா? எல்லையை மூட ஒரு நாட்டுக்கு உரிமை கிடையாதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ப: உரிமை உண்டு. யாரை உள்ளே விடுவது, எவ்வளவு காலம் தங்கவிடுவது என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் முடிவுதான். 1951 ஜெனீவா அகதி உடன்படிக்கையை முழுக்கப் படித்தாலும் 'தஞ்சம் கொடுத்தே தீர வேண்டும்' என்று ஒரு வரியும் இருக்காது. நாடுகளின் கையைக் கட்டுவது அதன் 33-ஆம் பிரிவு: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஒருவரை எந்த வகையிலும் திருப்பி அனுப்பக் கூடாது. கூடவே 31-ஆம் பிரிவு: ஆபத்திலிருந்து நேராக வந்தவர், தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்க் காரணம் சொன்னால், அனுமதியில்லாமல் எல்லை தாண்டியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

எதிரே நிற்பவர் அகதியா இல்லையா என்பது கேட்டுப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. ஆகவே நடைமுறையில் கடமை 'உள்ளே விடு' என்பதல்ல, 'விசாரிக்காமல் அனுப்பாதே' என்பதே.

இது நடுக்கடலிலும் செல்லும். 2009 மே 6-ஆம் தேதி இத்தாலியின் லம்பெடுசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில் சுமார் 200 பேரை இத்தாலியக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு, பெயர்கூடக் கேட்காமல் திரிப்போலியில் லிபிய அதிகாரிகளிடம் ஒப்படைத்தன. அவர்களில் சோமாலியர்களும் எரித்திரியர்களுமாக 24 பேர் வழக்குத் தொடுத்தார்கள். அது சர்வதேசக் கடல்தான்; ஆனால் கப்பல் இத்தாலியின் கட்டுப்பாட்டில் இருந்ததால் பொறுப்பும் இத்தாலிக்கே என்று 2012 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் சாய்வதில்லை. மொராக்கோவை ஒட்டிய ஸ்பெயின் நகரமான மெலில்லாவின் வேலியைக் கூட்டமாக ஏறிக் குதித்தவர்களை ஸ்பெயின் உடனே மொராக்கோவிடம் ஒப்படைத்ததை அதே நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தவறென்று சொல்லவில்லை. சட்டப்படி நுழைய வழி திறந்திருந்தும் கூட்ட பலத்தைக் காட்டினார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்த வழியில் சகாராவுக்குத் தெற்கே இருந்து வருபவர்களால் உண்மையில் நெருங்க முடிந்ததா என்ற கேள்விக்கு நீதிமன்றம் கொடுத்த பதில் போதாது என்பது எங்கள் கருத்து.

கே: வருபவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும்தான் போக நினைக்கிறார்கள். அப்படியிருக்க இத்தாலியும் கிரீஸும் ஏன் எப்போதும் புலம்புகின்றன?
(வாசகி, மதுரை)

ப: டப்ளின் விதிதான் காரணம். ஒரு விண்ணப்பத்தை ஒன்றியத்தில் ஒரே ஒரு நாடுதான் விசாரிக்க வேண்டும். அது எந்த நாடு என்பதை விண்ணப்பதாரர் தேர்ந்தெடுக்க முடியாது. 1990-இல் கையெழுத்தாகி, 2003-இலும் 2013-இலும் திருத்தப்பட்ட இந்த விதி ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில், அருகில் பெற்றோர் இல்லாத சிறுவர்களின் நலனும் நெருங்கிய குடும்பமும். அடுத்து, எந்த நாடு விசாவோ தங்கும் அனுமதியோ கொடுத்தது என்பது. அதற்கும் கீழே, அனுமதியில்லாமல் முதலில் கால் வைத்த நாடு எது என்பது. படகில் வரும் பலருக்கு மேல்வரிசை எதுவும் பொருந்தாததால், சுமை போய் விழுவது கடைசி விதியில், அதாவது கரையோர நாட்டின் தலையில்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. கைரேகை எடுத்தால் அந்த ஆள் தன் பொறுப்பாகிவிடுவார் என்று தெரிந்த நாடு, கைரேகை எடுக்க ஏன் அவசரப்படப் போகிறது? 2003 ஜனவரியிலிருந்து இயங்கும் யூரோடாக் கைரேகைத் தளம் இருந்தும் பல ஆண்டுகள் கணிசமானோர் பதிவாகாமலே வடக்கே போனார்கள். போன இடத்தில் கைரேகை தளத்தில் சிக்கினால் திருப்பி அனுப்பக் கோரிக்கை. முதல் நாடு ஏற்றுக்கொண்டாலும் ஆறு மாதக் கெடுவுக்குள் அனுப்பி முடிக்காவிட்டால் பொறுப்பு கோரிய நாட்டுக்கே திரும்பிவிடும். ஏற்கப்பட்ட கோரிக்கைகளில் சிறு பகுதிதான் விமானம் ஏறும் வரை போகிறது. 2022 டிசம்பரில் இத்தாலி, முகாம்களில் இடமில்லை என்று கடிதம் எழுதி, திரும்பி வருவோரை ஏற்பதையே நிறுத்தியது.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும் குறுக்கே வந்தது. ஆப்கானியர் ஒருவரைப் பெல்ஜியம் 2009-இல் கிரீஸுக்குத் திருப்பி அனுப்பியது. விமான நிலையத்தில் அடைக்கப்பட்டு, பின்பு ஏதென்ஸில் பூங்காவில் படுத்து நாளைக் கழித்தார். கிரீஸ் அவரை அப்படி நடத்தியது குற்றம். அப்படித்தான் நடத்தும் என்று தெரிந்தே அனுப்பிய பெல்ஜியமும் குற்றவாளி என்று 2011 ஜனவரி 21-இல் தீர்ப்பு வந்தது. அதன்பின் கிரீஸுக்கு அனுப்புவது பல ஆண்டுகள் நின்றே போனது. தன் முகாம்களை மோசமாக வைத்திருக்கும் நாட்டுக்குச் சுமை குறைகிறது என்ற விபரீதப் பாடத்தையும் அரசுகள் அதிலிருந்து படித்துக்கொண்டன.

கே: என் தங்கச்சியின் மகன் இத்தாலி விசாவில் வந்து சுவிஸில் அசூல் (தஞ்சம்) கேட்டுள்ளார். அவருடைய அண்ணன் அங்கே பி அனுமதியுடன் (வசிப்பு அனுமதி) இருக்கிறார். அண்ணன் இருப்பதால் சுவிஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுமா? ஆறு மாதம் ஒளிந்திருந்தால் டப்ளின் முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

ப: சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் 2008 டிசம்பரிலிருந்து டப்ளின் ஏற்பாட்டில் இருக்கிறது. விசா விண்ணப்பிக்கும்போதே பத்து விரல் ரேகையும் விசாத் தகவல் தளத்தில் ஏறிவிடும். அதனால் இத்தாலி விசா என்பது முதல் நாளே தெரிந்துவிடும், மறைத்துப் பயனில்லை. மறைத்தது எழுத்தில் பதிவானால், பிறகு உண்மையான காரணத்தைச் சொல்லும்போதும் நம்பகத்தன்மை போகும்.

அண்ணன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். டப்ளின் விதியில் 'குடும்பம்' என்றால் கணவன்–மனைவி, மணமாகாத சிறு பிள்ளைகள், 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர். வயது வந்த சகோதரர்கள் அதில் வர மாட்டார்கள். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. விண்ணப்பதாரர் தனியே வந்த சிறுவராக இருந்தால், சட்டப்படி வசிக்கும் அண்ணனோ அக்காவோ கணக்கில் வருவர். கர்ப்பம், கைக்குழந்தை, கடும் நோய், கடும் ஊனம், முதுமை ஆகியவற்றால் ஒருவர் மற்றவரைச் சார்ந்தே வாழ வேண்டிய நிலை இருந்தாலும் சகோதர உறவு எடுபடும். அதற்கு வாய்ச்சொல் போதாது: மருத்துவரின் விவரமான கடிதம், ஊரிலேயே உறவு இருந்ததைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள், பராமரிக்கத் தயார் என்று இருவரும் எழுதிய கையெழுத்து ஆகியவற்றை டப்ளின் நேர்காணலின்போதே கொடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மனிதாபிமான அடிப்படையில் ஒரு நாடு வழக்கைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அது சலுகை, உரிமையாகக் கேட்க முடியாது.

விசா காலாவதியாகி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் பழைய விதிப்படி விசா கொடுத்த நாடே பொறுப்பு. 2024 ஒப்பந்தத்தின் புதிய விதி இதை 18 மாதமாக நீட்டுகிறது. சுவிஸ் கோரிக்கை அனுப்பி, இத்தாலி கெடுவுக்குள் பதில் எழுதாவிட்டால், மௌனம் சம்மதமாகவே கணக்கிடப்படும். 'இத்தாலி இன்னும் பதிலே சொல்லவில்லை' என்று நிம்மதி அடைவது அதனால் தவறு.

ஒளிந்திருக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். ஆறு மாதம் என்பது முகவரியில் இருப்பவருக்கு. தலைமறைவானார் என்று பதிவானால் பழைய விதியில் 18 மாதம், புதிய விதியில் மூன்று ஆண்டு. அந்தக் காலத்தில் தங்குமிடமும் உதவியும் போய்விடும். அவர் செய்ய வேண்டியது வேறு: சுவிஸ் கூட்டாட்சித் தஞ்ச மையத்தில் இலவச சட்டப் பிரதிநிதி உண்டு, டப்ளின் முடிவு கைக்கு வந்தால் மேல்முறையீட்டுக்கு ஐந்து வேலை நாட்கள்தான். கடிதம் கிடைத்த அன்றே பிரதிநிதியிடம் போக வேண்டும்; வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளக் கூடாது.

கே: புதிய ஒப்பந்தத்தில் 'எல்லை நடைமுறை' என்கிறார்களே, அது தடுப்பு முகாமுக்கு மரியாதையான பெயரா? அல்லது உண்மையிலேயே வழக்குகள் வேகமாக முடியுமா?
(வாசகர், சென்னை)

ப: இரண்டுக்கும் வாய்ப்பிருக்கிறது. எது நடக்கும் என்பதை முதல் ஏழு நாள் தீர்மானிக்கும்.

அனுமதியில்லாமல் வெளி எல்லையைத் தாண்டிப் பிடிபட்டவருக்கும் கடலில் மீட்கப்பட்டவருக்கும் முதலில் 'முன்சோதனை'. அதிகபட்சம் ஏழு நாள். நாட்டுக்குள்ளே பிடிபட்டால் மூன்று நாள். அடையாளம், பாதுகாப்புத் தளங்களில் தேடல், உடல்நிலை, சித்திரவதைக்கு ஆளானவரா, சிறுவரா என்பது போன்ற பலவீனங்கள், கைரேகை, முகப்படம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முன்பு 14 வயதிலிருந்து எடுத்த கைரேகையை இனி ஆறு வயதிலிருந்தே எடுப்பார்கள். சோதனை முடிவில் ஒரு படிவம் நிரப்பி ஆளின் கையிலும் கொடுக்க வேண்டும். அதில் பிழையிருந்தால் சுட்டிக்காட்டலாம். அதைப் படித்துப் பார்க்காமல் மடித்து வைப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று அஞ்சுகிறோம். பிறந்த தேதி ஒன்று தவறினாலும் சிறுவர் பெரியவராகிவிடுவார்.

அடுத்தது எல்லை நடைமுறை. மூன்று வகையினருக்கு இது கட்டாயம்: பாதுகாப்புக்கு ஆபத்தானவர், பொய் ஆவணம் காட்டியோ ஆவணத்தை அழித்தோ அதிகாரிகளை ஏமாற்றியவர், எந்த நாட்டவரின் விண்ணப்பங்களில் ஒன்றிய சராசரியாக 20 விழுக்காடோ அதற்குக் குறைவோதான் ஏற்கப்படுகின்றனவோ அந்த நாட்டவர். தனியே வந்த சிறுவர்களுக்குப் பாதுகாப்புக் காரணம் தவிர இது கிடையாது. விசாரணை, முடிவு, முதல் மேல்முறையீடு எல்லாம் சேர்த்து 12 வாரம். நிராகரித்தால் திருப்பி அனுப்ப இன்னொரு 12 வாரம். அதுவரை அவர் மண்ணில் நின்றாலும் சட்டத்தின் கண்ணில் 'இன்னும் நுழையாதவர்'. 12 வாரத்தில் விசாரணை முடியாவிட்டால் உள்ளே விட்டு, வழக்கமான நடைமுறைக்கு மாற்ற வேண்டும்.

அந்த 20 விழுக்காட்டைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ஏற்பு விகிதம் 20 என்றால், வேக வரிசையில் நிற்கும் நூறு பேரில் இருபது பேர் முதல் விசாரணையிலேயே பாதுகாப்புக்கு உரியவர் என்று முடிவாகக் கூடியவர்கள். வேகம் இவர்களைத்தான் முதலில் தவறவிடும். சராசரி தனக்குப் பொருந்தாத வகையைச் சேர்ந்தவர் என்று காட்டினால் இந்த வரிசையிலிருந்து விலக்கு உண்டு. தாய்நாட்டு நிலைமை அண்மையில் பெரிதும் மாறியிருந்தாலும் உண்டு. ஆனால் அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் கட்டத்திலேயே இலவச சட்ட ஆலோசனை என்று புதிய விதியில் சேர்த்திருப்பது நல்லதுதான். அதைக் கூட்டமாக உட்காரவைத்தும் கொடுக்கலாம் என்று விட்டிருப்பது அதன் ஓட்டை. தன் மானக்கேடான விஷயத்தை நாற்பது பேர் நடுவில் யார் சொல்வார்?

இனி இடக்கணக்கு. ஒன்றியம் முழுவதும் எல்லை நடைமுறைக்கு 30,000 இடங்கள் தயாராக வேண்டும். ஒரு படுக்கையில் ஒருவர் 12 வாரம் இருந்து வெளியேறினால், ஓர் ஆண்டில் நான்கு தடவைக்குச் சற்று மேல் ஆள் மாறும். ஏறத்தாழ 1,30,000 பேரை விசாரிக்கலாம். நிராகரிக்கப்பட்டவர் அடுத்த 12 வாரமும் அதே இடத்தில் காத்திருந்தால் கொள்ளளவு பாதியாகி 65,000-ஐ ஒட்டி நிற்கும். அவருடைய தாய்நாடு பயணப் பத்திரம் கொடுக்காவிட்டால் 24 வாரம் முடிந்து அவரையும் வெளியே விட வேண்டியதுதான். ஒரு நாடு தன் குடிமகனைத் திரும்ப ஏற்க முதலில் கேட்பது அடையாளத்தை. அடையாளம் முதல் வாரத்தில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால்தான் அகதிக்குப் பாதுகாப்பும் விரைவாகக் கிடைக்கும், அகதி அல்லாதவரைத் திருப்பி அனுப்பவும் முடியும். பதிவு செய்யாமல் இரவோடிரவாக எல்லைக்கு வெளியே தள்ளிவிடும் பழக்கத்தை 'கண்டிப்பு' என்று மெச்சுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தள்ளப்பட்டவர் அடுத்த வாரம் வேறு இடத்தில் நுழைவார். அவர் யாரென்று அப்போதும் யாருக்கும் தெரியாது.

கே: அகதிகளைப் பங்கிட்டுக்கொள்வது 2015-இலேயே தோற்றதுதானே? இப்போது மட்டும் எப்படி நடக்கும்?
(வாசகர், திருநெல்வேலி)

ப: தோற்றது உண்மை. இத்தாலி, கிரீஸிலிருந்து 1,60,000 பேரை மற்ற நாடுகளுக்கு அனுப்ப 2015 செப்டம்பரில் முடிவெடுத்தார்கள். இரண்டு ஆண்டில் போனது சுமார் 35,000 பேர். ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. அது சட்டமீறல் என்று 2020 ஏப்ரலில் ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. அதற்குள் திட்டமே முடிந்திருந்தது.

இம்முறை கட்டாயம் பங்களிப்பில் மட்டும். வடிவம் நாட்டின் விருப்பம். ஆளை ஏற்கலாம், அல்லது ஓர் ஆளுக்கு 20,000 யூரோ கட்டலாம், அல்லது பணியாளர், உபகரணம் கொடுக்கலாம். மக்கள்தொகை பாதி, பொருளாதார அளவு பாதி என்று பங்கைக் கணக்கிடுவார்கள். 2026-க்குச் சைப்ரஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் நான்கும் அழுத்தத்தில் இருப்பவை என்று அடையாளம் காணப்பட்டன. மற்ற நாடுகளின் மொத்தப் பங்களிப்பு 21,000 பேர் அல்லது 42 கோடி யூரோ. பணமாகவே எல்லோரும் கட்டிவிட்டால் லம்பெடுசாவில் ஒரு படுக்கைகூடக் காலியாகாது. அதுதான் இதன் பலவீனம்.

கே: துருக்கியோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வருகை சட்டென்று குறைந்ததே. வெளிநாட்டுக்குப் பணம் கொடுத்து நிறுத்துவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி அல்லவா?
(வாசகர், பெங்களூரு)

ப: குறைந்தது என்பதில் சந்தேகமில்லை. 2015-இல் மட்டும் சுமார் 8.5 லட்சம் பேர் கடல்வழியே கிரீஸ் வந்தார்கள். 2016 மார்ச் 18-ஆம் தேதி உடன்பாட்டுக்குப் பிறகு அது சிறு பகுதியாகச் சுருங்கியது. திட்டம் இதுதான்: கிரீஸின் தீவுகளுக்கு வருபவரைத் துருக்கி திரும்ப ஏற்கும், அப்படி ஏற்கும் ஒவ்வொரு சிரியருக்கும் ஈடாகத் துருக்கியில் இருக்கும் இன்னொரு சிரியரை ஒன்றியம் சட்டபூர்வமாகக் குடியேற்றும், துருக்கியில் உள்ள அகதிகளுக்காக 600 கோடி யூரோ.

பணப்பகுதி பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உண்மையில் உதவியது. உடைந்தது திருப்பி அனுப்பும் பகுதி. நான்கு ஆண்டில் துருக்கிக்குப் போனவர்கள் இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்கள்தான். 2020 மார்ச்சில் துருக்கி ஏற்பதையே நிறுத்திவிட்டது. திருப்பி அனுப்புவதற்கு வசதியாக எல்லோரையும் தீவிலேயே நிறுத்தி வைத்தார்கள், அனுப்ப முடியவில்லை, ஆகவே தீவு நிரம்பியது. லெஸ்போஸின் மோரியா முகாம் சுமார் 3,000 பேருக்கானது. 2020 செப்டம்பரில் எரிந்து சாம்பலானபோது அங்கே 12,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

பின்னர் 2021-இல் கிரீஸ், சிரியா, ஆப்கானிஸ்தான், சோமாலியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாட்டவருக்குத் துருக்கி 'பாதுகாப்பான மூன்றாம் நாடு', அதாவது அங்கேயே தஞ்சம் கேட்கலாம் என்று அறிவித்து, அவர்கள் வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்க்காமலே தள்ளுபடி செய்யத் தொடங்கியது. துருக்கியோ ஏற்பதில்லை. விண்ணப்பதாரர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. 2024 அக்டோபர் 4-ஆம் தேதி ஒன்றிய நீதிமன்றம் இதற்கு ஒரு தெளிவு கொடுத்தது: பட்டியலில் வைத்திருக்கலாம், ஆனால் அந்த நாடு ஏற்பதில்லை என்று தெரிந்திருக்கும்போது அதைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது, வழக்கை விசாரிக்க வேண்டும்.

ஆகவே எங்கள் பதில் இது: அண்டை நாட்டுக்கு உதவுவது சரியான செலவு. தன் விசாரணைக் கடமையையே அண்டை நாட்டிடம் குத்தகைக்கு விட்டால், கதவின் சாவி அந்த நாட்டு ஆட்சியாளரின் சட்டைப்பைக்குப் போய்விடும். 2020 பிப்ரவரிக் கடைசியில் துருக்கி 'கதவைத் திறந்துவிட்டோம்' என்று அறிவித்தபோது கிரீஸ் ஒரு மாதத்துக்குத் தஞ்ச விண்ணப்பங்களை வாங்குவதையே நிறுத்தியது நினைவிருக்கும்.

கே: தெற்காசியாவில் இப்படி ஒரு வட்டார ஏற்பாடு ஏன் இல்லை?
(வாசகர், இராமநாதபுரம்)

ப: இந்தியாவும் இலங்கையும் பாகிஸ்தானும் வங்கதேசமும் 1951 உடன்படிக்கையிலேயே சேரவில்லை, சார்க் அமைப்புக்கு அகதி ஒப்பந்தம் ஏதுமில்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு 1969 முதல் தனி உடன்படிக்கை உண்டு. லத்தீன் அமெரிக்காவுக்கு 1984 கார்ட்டஹேனா பிரகடனம். இந்தியாவில் ஒவ்வொரு குழுவுக்கும் அரசாணைவழி தனித்தனி ஏற்பாடுதான். தமிழ்நாட்டு முகாம்களில் 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களை அரசே நேரடியாகக் கவனிக்கிறது. ஆப்கானியர், மியான்மர் நாட்டவர் போன்றோரின் பதிவை ஐ.நா. அகதிகள் ஆணையம் செய்கிறது. நீதிமன்றத்தில் நிற்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு: உயிர் பாதுகாப்பு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996-இல் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வட்டார ஏற்பாடு வேண்டுமென்றால் முதலில் உள்நாட்டில் ஒரு அகதிச் சட்டம் வேண்டும். அது இன்னும் வரவில்லை.

கே: இலங்கைத் தமிழர் இன்று ஐரோப்பாவில் விண்ணப்பித்தால் நேர்காணலில் எதைக் கவனிக்க வேண்டும்? போர் முடிந்துவிட்டது என்று எல்லோரையும் நிராகரிக்கிறார்களா?
(வாசகர், பாரிஸ்)

ப: எல்லோரையும் ஏற்பதும் இல்லை, எல்லோரையும் நிராகரிப்பதும் இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்மொழிந்த 'பாதுகாப்பான தாய்நாடுகள்' (குடிமக்களுக்குப் பொதுவாக ஆபத்தில்லை என்று கருதப்படும் நாடுகள்) பட்டியலில் இந்தியா இருந்தது, இலங்கை இல்லை. தமிழர் என்பது மட்டும் போதாது என்ற நிலைப்பாடு புதிதல்ல. பிரிட்டனிலிருந்து 1988-இல் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழர் வழக்கில், பொதுவான ஆபத்து போதாது, தனிப்பட்ட ஆபத்தைக் காட்ட வேண்டும் என்று 1991-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் சொன்னது. 2008 ஜூலையில் இன்னொரு தமிழர் வழக்கில் அதே அளவுகோலால் அனுப்பத் தடை கிடைத்தது: முன்பு கைதானது, அதிகாரிகளிடம் இருந்த பதிவுகள், உடலில் தழும்புகள் ஆகியவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. இன்றும் வாதம் இப்படித்தான் கட்டப்படுகிறது. 2022 பொருளாதார நெருக்கடி எவ்வளவு கொடுமையானாலும் தஞ்சத்துக்குக் காரணமாகாது. அதை முன்னால் வைத்துப் பேசினால் பின்னால் வரும் உண்மையான காரணம் அமுங்கிப்போகும்.

நேர்காணலில் வழக்கு சரிவது பெரும்பாலும் சின்ன இடங்களில். விசாரிப்பவர் நிகழ்வுகளின் வரிசையைத்தான் முதலில் பிடிப்பார்: எப்போது, எங்கே, யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எப்படி வெளியே வந்தீர்கள். நாள் நினைவில்லை என்றால் 'நினைவில்லை' என்றே சொல்ல வேண்டும். 'நல்லூர்த் திருவிழாவுக்கு முந்திய வாரம்' என்று ஒரு நிகழ்வோடு சேர்த்துச் சொல்வது ஊகித்த தேதியைவிட நல்லது. முதல் குறுகிய விசாரணையில் சொன்னதும் பிறகு விரிவாகச் சொன்னதும் ஒப்பிடப்படும். பாலியல் வன்கொடுமை, சித்திரவதை போன்றவற்றை முதலில் சொல்லக் கூசினால், 'இன்னும் சொல்ல வேண்டியது உண்டு, தனியாகச் சொல்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்தையாவது பதிவு செய்துவிட வேண்டும். பெண் விசாரணையாளரையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரராக இருந்து யாழ்ப்பாணப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை என்றால் அங்கேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு மேல்முறையீட்டில் சொன்னால் எடுபடுவது கடினம். முடிவில் பதிவை வாசித்துக் காட்டுவார்கள். களைப்பாக இருந்தாலும் முழுக்கக் கேட்டு, திருத்தங்களை எழுதவைத்த பிறகே கையெழுத்து. கிராம அலுவலர், பாதிரியார், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோரிடம் வாங்கும் பொதுவான கடிதங்களுக்கு மதிப்புக் குறைவு. நீதிமன்றப் பத்திரம், தடுப்புக் காவல் சீட்டு, தழும்பு எப்படி ஏற்பட்டிருக்கும் என்று மருத்துவர் எழுதிய அறிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம். போலிப் பத்திரம் ஒன்று அகப்பட்டால் உண்மையான பத்துப் பத்திரமும் அதோடு போகும். அது மட்டுமல்ல, புதிய விதியில் அதிகாரிகளை ஏமாற்றியவர் என்று எல்லை நடைமுறைக்குள் தள்ளவும் அது காரணமாகும்.

நிராகரித்தால் கெடு நாட்டுக்கு நாடு மாறும். புதிய நடைமுறைச் சட்டப்படி, விரைவு நடைமுறையில் ஆதாரமற்றது என்றோ ஏற்கத் தகாதது என்றோ தள்ளியதற்கு மேல்முறையீட்டுக்கு ஐந்து முதல் பத்து நாள். மற்றவற்றுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம். எல்லை நடைமுறையில் மேல்முறையீடு செய்ததாலேயே தங்கும் உரிமை வந்துவிடாது. முடிவு வரும் வரை தங்க அனுமதி கேட்டுத் தனி மனு ஒன்றும் போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தாக்கல் செய்யச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். தாக்கல் செய்த முத்திரையோடு ஒரு பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.